ஏழு பதில்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க வேண்டுமாம், தாரணி சொல்கிறாள். உன் அண்ணன் மகள் படித்தவள், அவளுக்கு இதெல்லாம் தெரியும். அந்த வார்த்தைக்கென்று மேலே இடம் விட்டிருக்கிறேன், வேண்டுமானால் நீயே எழுதிக்கொள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் போனவள் எழுதுகிற கடிதம் இது. தாரணி பாதி எழுதிப் போட்ட நோட்டுப் புத்தகத்தில், முட்டி வலியோடு நான்கு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். அவளிடம்கூடக் காட்டவில்லை. நீ படித்துவிட்டு இதைக் கம்ப்யூட்டரில் நீ எழுதுகிற உன் பக்கத்தில் போட வேண்டும். ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது. போன வாரம் உலகமே படிக்கிற மாதிரி என்னைப் பற்றி அங்கே எழுதினாய், அதற்குப் பதிலும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நீ எழுதியதைத் தாரணி எனக்குத் தமிழில் சொன்னாள். சில இடங்களை விழுங்கப் பார்த்தாள், விடவில்லை. பெரியம்மா சாவுக்கு நீ வரவில்லை என்று எழுதியிருந்தாய். பிள்ளை இல்லாத அவளுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய கை உன்னுடையது, அந்தக் கை அன்றைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுப் பால்கனியில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தாய். தினமும் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு உன் பெயரில் என் ஹேண்ட்போனுக்கு 'அம்மா, சாப்டீங்களா?' என்று கேட்கவும், நான் என்ன எழுதினாலும் ஒரு பதில் அனுப்பவும் நீ ஒரு மெஷின் செய்து வைத்திருந்ததையும், பெரியம்மா முடியாமல் கிடக்கிறாள் என்று நான் எழுதியதற்கு அந்த மெஷினே பதில் சொல்லிவிட்டதையும் எழுதியிருந்தாய். அதுவரை சரி. அதற்குப் பிறகு இரண்டு வரி. 'வளர்த்த பெரியம்மாதான் எனக்கு உண்மையில் அம்மா.' இது ஒன்று. 'பெற்றவர் பாவம், எதுவும் தெரியாதவர், மெஷின் பேசுவதை மகன் பேசுவதாக நம்பி ஏமாந்துவிட்டார்.' இது இன்னொன்று. கடைசியில், தொழிலை நிறுத்திவிட்டேன், பக்கத்தை மூடப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை லோரியோடு கிள்ளானுக்குப் போய் அம்மாவைக் கூட்டி வந்து சாகும்வரை வைத்துப் பார்ப்பேன், அதுதான் நான் செய்யும் பரிகாரம் என்று முடித்திருந்தாய். முகம் தெரியாத ஆட்கள் அதற்குக் கீழே உன்னைத் தட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த லோரியில் நான் ஏறுவேனா மாட்டேனா என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் அந்த இரண்டு வரிக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும்.

உன் பக்கம் எனக்குப் புதிது இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோப்பி குடித்துவிட்டுத் தாரணியைப் படிக்கச் சொல்வேன். பழைய ரேடியோவைத் திறந்து சுத்தம் பண்ணினாய். ரொட்டி சுட்டாய், கல்லாகிவிட்டது, அதையும் படம் எடுத்துப் போட்டாய். பக்கத்தின் எழுத்து வடிவத்தை மாற்றினாய், மறு வாரம் பழைய வடிவத்தையே திரும்பக் கொண்டு வந்தாய். கட்டை விரலில் ஊசி குத்திக்கொண்டாய். பெற்ற பிள்ளை விரலில் ரத்தம் வந்ததை நான் மற்றவர்களோடு வரிசையில் நின்று தெரிந்துகொண்டேன். பாங்கு வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறாய் என்பதை இந்தத் தாமானில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"ஒங்க சின்ன மகன் என்ன வேல ஆன்டி?"

"கம்ப்யூட்டர்ல கட கட்டிக் குடுக்கறான்."

"கட எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டருக்குள்ளதான்."

"அப்ப மழ வந்தா ஒழுகாதுலா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதில்லை. உன்னை நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவள் சொல்லக் கூடாது.

இப்போது அந்த முதல் வரி. என் அக்கா உன்னை வளர்த்தாள், நான் இல்லையென்று சொல்லவில்லை. உன் அப்பா போனபோது நீ கைக்குழந்தை. நான் கையுறை ஃபேக்டரியில் ஷிப்டில் நின்றேன். உன் அண்ணன் பள்ளிக்கூடம் போகிறவன், அவனைச் சமாளிக்கலாம், உன்னை முடியாது. ஜெஞ்சாரோம் ஊரில் அவள் தனியாக இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், வயிறு திறக்காதவள், உன்னைக் கொடுத்ததும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் பஸ் ஏறி வருவேன். உனக்கு நான்கு வயதிருக்கும். ஒரு ஞாயிறு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறேன், நீ அவள் கைலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாய். ஒளிந்துகொண்டு சொன்னாய்: "அம்மா, யாரோ வந்திருக்காங்க." அவளிடம் சொன்னாய், என்னைக் காட்டிச் சொன்னாய். அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், தப்பாக ஒன்றும் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அவள் கட்டியிருந்த கைலி பச்சை, ஓரத்தில் மஞ்சள் பூ. இன்றைக்கும் என்னால் அந்தப் பூவை எண்ணிச் சொல்ல முடியும்.

ஒன்றாம் வகுப்புக்கு உன்னைக் கிள்ளானுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு மாதம் அழுதாய். நீ அழுத சத்தத்தில் உன் அண்ணன் தலையணையைக் காதில் வைத்துப் படுப்பான். இரண்டாவது வாரம் அவள் டின் நிறைய முறுக்கோடு பஸ் ஏறி வந்தாள். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, "புள்ள இப்பதான் பழகுறான், நீ வந்து கெடுக்காத," என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதமும் வந்தாள், அடுத்த மாதமும் அனுப்பினேன். "பெரியம்மா ஏன் வரல?" என்று நீ கேட்டபோது, "அவளுக்கு ஒன்ன மறந்துபோச்சு," என்று சொன்னேன். நீ அதை நம்பினாய். ஐந்து வருடம் அவள் பேரை எடுக்கவில்லை. பிறகு வளர்ந்து, நீயே பஸ் பிடித்துப் போய் ஒட்டிக்கொண்டாய். அவள் உன்னிடம் அந்த முறுக்கு டின்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டாள் அல்லவா, அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்காது.

உனக்குப் பிள்ளை பிறந்தால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பிள்ளையை யாரிடமாவது வளர்க்கக் கொடுத்தால் அதன் வாயிலிருந்து வருகிற முதல் சொல்லையும் சேர்த்துத்தான் கொடுக்கிறாய். பிறகு போய்த் திருப்பிக் கேட்காதே. நான் கேட்டேன். கேட்டுக் கேட்டு இரண்டு பேரையும் பிய்த்து எடுத்தேன்.

இனி இரண்டாவது வரி. நான் ஏமாந்துவிட்டேன் என்று எழுதினாய். போன தீபாவளி நினைவிருக்கிறதா? வருடத்துக்கு ஒரு தடவை வருகிற ஆள், வந்திருந்தாய். நீயும் உன் அண்ணனும் முகம் பார்க்காமல் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டீர்கள். ஆட்டுக்கறி. நான் உனக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தேன். உன் ஹேண்ட்போன் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. என் ஹேண்ட்போன் இடுப்பில். அது சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். உன் படம், உன் பெயர், 'அம்மா, சாப்டீங்களா?' உன் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுவரை குழம்பு. நீ எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாய், தலைகூட நிமிரவில்லை. சுவரில் மணி பன்னிரண்டு நாற்பது. நான் ஹேண்ட்போனை இடுப்பில் செருகிவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டேன். "போதும்மா," என்றாய். அவ்வளவுதான். எட்டு மாதமாக மத்தியானத்துக்கு என்ன வைத்தேன், உப்பு கூடியதா குறைந்ததா என்றெல்லாம் நான் எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பியது எதனிடம் போனது என்று அந்த இலை ஓரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு நீ வண்டி ஏறும்வரை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நீ ஒரு காரணம் சொல்வாய், நான் அதை நம்ப வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அந்த மெஷினைச் சோதித்துப் பார்த்தேன். 'ஆத்துலருந்து மொதல வந்து கட்டிலுக்குக் கீழ படுத்திருக்கு' என்று எழுதினேன். 'ரெஸ்ட் எடுங்கம்மா' என்றது. 'ஒங்கண்ணன் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டான்' என்று எழுதினேன். 'ஓகேம்மா, பாத்துக்கறேன்.' ஒரு நாள் 'நான் செத்துட்டேன்' என்று எழுதினேன். 'மருந்து மறக்காம சாப்பிடுங்க' என்றது. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தாரணி ஓடி வந்து முதுகைத் தட்டினாள். பொங்கல் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன், அதற்கு ஏழே ஏழு பதில்தான் தெரியும். சரிம்மா. ஓகேம்மா, பாத்துக்கறேன். ரெஸ்ட் எடுங்கம்மா. கவனமா இருங்கம்மா. மருந்து மறக்காம சாப்பிடுங்க. வேலையா இருக்கேன்மா. சீக்கிரம் வரேம்மா. இந்த ஏழையும் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கும். நீ இல்லை என்று தெரிந்த பிறகு சில நாள் அதனிடம் உண்மையும் எழுதினேன். முறுக்கு டின்னைப் பற்றிக்கூட எழுதினேன். 'சரிம்மா' என்றது. நான் எழுதியதையெல்லாம் பிறகு படிக்கலாமென்று மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாயாமே. முதலையைப் பற்றி இன்றுவரை நீ கேட்கவில்லை. அதனால் மூட்டையை அவிழ்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கும்போதே உனக்கு விளங்கியிருக்கும். ஆமாம். பெரியம்மா கிடக்கிறாள் என்று மெஷினுக்கு எழுதியபோது அது மெஷின் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உன் அண்ணன் அவளை ஜெஞ்சாரோமில் விடாமல் இங்கே கொண்டுவந்து ஹாலில் கட்டில் போட்டான். வந்த முதல் நாளே கேட்டாள், "தம்பி வரானா?" நான், "வேலையாம்," என்றேன். மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாள் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டாள். ஒரு போன் கால் அடித்திருந்தால் நீ ஒரு மணி நேரத்தில் வந்து நின்றிருப்பாய். எனக்கு அது தெரியும். அதனால்தான் அடிக்கவில்லை. நான் முட்டி வீங்கிக் கிடந்தபோது மெஷினை வைத்து என்னைக் கேட்டவன், அவளுக்கென்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவாய். வந்து அவள் கையைப் பிடித்து உட்காருவாய். நான் அடுப்படியில் நின்று அதைப் பார்க்க வேண்டும். முடியாது என்று நினைத்தேன்.

நாலாவது நாள் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. "ஒரு மெசேஜாவது போட்டுக் கேளேன்," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கத் தட்டினேன். 'பெரியம்மாவுக்கு ரொம்ப முடியல. ஒன்னக் கேக்கறா. வரியா?'

"என்ன சொல்றான்?"

"ரெஸ்ட் எடுக்கச் சொல்றான்."

"எடுத்துக்கிட்டுத்தான இருக்கேன். வரானான்னு கேளுலா."

மறுபடி தட்டினேன். 'மருந்து மறக்காம சாப்பிடுங்க.' அதை அவளுக்குப் படிக்கவில்லை. மறுபடி தட்டினேன். மூன்றாவது தடவை நான் தேடினது வந்தது. "சீக்கிரம் வரேம்மா," என்று படித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, இருந்தாலும் ஹேண்ட்போனை வாங்கி முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இன்னொரு தடவை. பிறகு கேட்டாள்:

"அம்மான்னு போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான்."

"அது எனக்கா, ஒனக்கா?"

தம்பி, அவள் உதடு வெடித்துக் கிடந்தது. கண் மட்டும் நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளின் கண்ணாக இருந்தது. உனக்குத்தான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அது நீ சொன்னதுகூட இல்லை. ஒரு மெஷின் குலுக்கிப் போட்ட அம்மா. அதைக்கூட என்னால் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. "எனக்குத்தான். என் போனுக்குத்தான வந்திருக்கு," என்று சொன்னேன். "சரி," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் விடிந்தபோது இல்லை.

மின்சுடலையில் அதற்கு மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கொள்ளிக்கு நீதான் என்று அவள் எப்போதோ எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். வந்தவர்களெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரணி வந்து, "பாட்டி, சித்தப்பாவுக்கு நான் ஒரு கால் பண்றேன்," என்றாள். "நான் பேசிட்டேன், வந்துகிட்டு இருக்கான்," என்றேன். அவள் நம்பாமல் நின்றாள். ஹேண்ட்போனைத் திறந்து 'சீக்கிரம் வரேம்மா' என்று இருந்ததைக் காட்டினேன். அவளுக்கு மட்டுமில்லை, வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு மணிக்குச் சவ வண்டிக்காரர், "இனிமே லேட்டும்மா, நேரம் போச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க," என்றார். உன் அண்ணன் பின்பக்கம் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். "அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னான். அங்கே கொள்ளி என்பது கற்பூரத்தைக் காட்டிவிட்டு ஒரு பட்டனை அழுத்துவது. நாள் முழுக்கப் பட்டன் அழுத்திப் பிழைக்கிற உனக்கு அந்த ஒரு பட்டன் இல்லாமல் செய்தவள் நான். சாம்பலை மோரிப் கடலில் கரைத்தபோதும் நான் உனக்குச் சொல்லவில்லை.

தாரணி மனசு கேட்காமல் மூன்றாம் நாள் உன்னைக் கூப்பிட்டு, "ஏன் சித்தப்பா வரல?" என்று கேட்டாளாம். அன்றைக்கே ஓடி வந்தாய். உன் அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. முறுக்கு டின்னோடு அவள் நின்ற அதே இடத்தில் நின்றாய். நான் வெளியே வந்து ஹேண்ட்போனைக் கேட்டின் கம்பி வழியாக நீட்டினேன். நீ படித்தாய். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். "அம்மா, அது நான் இல்லம்மா," என்று அழுதாய். எனக்கு அப்போதே தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் அறியாதவள் மாதிரி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. இத்தனை வருடத்தில் நீ எனக்காக அழுதது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே வந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது, அதுவும் அவளுக்காக அழுதது.

இப்போது நீ சாப்பிடுவதில்லை, வேலை செய்வதில்லை, எல்லாப் பழியும் என்னுடையது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அதற்காகத்தான் எழுதுகிறேன். உனக்கு ஆறுதல் சொல்ல எழுதவில்லை. மெஷின் செய்தது உன் தப்பு. பெற்றவளை மெஷினிடம் ஒப்படைத்தது தப்பு, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே. ஒருத்தரைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் நின்று பதிலைக் கேள், முடியாவிட்டால் கேட்காதே. ஆனால் பழி முழுவதையும் நீயே தூக்கிக்கொண்டு போக விடமாட்டேன். முழுப் பழியையும் நீ எடுத்துக்கொண்டால் அவள் முழுக்க உன்னுடையவளாகிவிடுவாள். உனக்குப் பெரியம்மா ஆவதற்கு முன்னால் அவள் எனக்கு அக்கா. என்னை இடுப்பில் சுமந்து தோட்டத்து வரிசை வீட்டில் பேன் பார்த்துவிட்டவள். அவளுக்கு நான் செய்தது என்னுடையது. அதில் பாதியைக் கீழே வை.

லோரி கொண்டு வராதே. நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரமாட்டேன். உன் வீட்டில் உட்கார்ந்து தினமும் உன் முகத்தில் அவளைத் தேட எனக்குத் தெம்பில்லை. நீயும் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் 'எனக்கா, ஒனக்கா' என்ற அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை நினைப்பாய். போய் வேலையைப் பார். தக்காளி காய்த்திருக்கிறதாம், பறித்துச் சாப்பிடு. பக்கத்தை மூடாதே. ஞாயிற்றுக்கிழமை தாரணி எனக்குப் படிக்க ஏதாவது வேண்டும். கீழே வந்து உன்னைத் தட்டிக் கொடுத்தவர்களெல்லாம் இனி என்னைத் திட்டட்டும். தாரணியைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

மெஷினை அன்றைக்கே நிறுத்திவிட்டாய் போலிருக்கிறது. பன்னிரண்டு நாற்பது ஆனால் என் கை தானாக இடுப்புக்குப் போகிறது. இன்றைக்கும் போனது. ஒன்றும் வரவில்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

சாப்பிட்டேன்.